கோடை விடுமுறைக்கு வரும் பிள்ளைகளின் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு,



முழு ஆண்டுத் தேர்வு முடியப்போகிறது. அதன் பிறகு எங்கள் விடுதி காலியாகிவிடும். பிள்ளைகளை அழைத்துப்போக வருவீர்கள். தூரத்து ஊர்க்காரர்கள் ராத்திரி பஸ்ஸில் கிளம்பி, விடியும் முன்பே பள்ளி வாசலில் வந்து உட்கார்ந்திருப்பீர்கள். அன்றைக்கு உங்களிடம் நிதானமாகப் பேச முடிவதே இல்லை. பெட்டி, பாய், பிரெயில் புத்தகக் கட்டு, பதிவேட்டில் கையெழுத்து என்று பொழுது போய்விடுகிறது. அதனால்தான் இந்தக் கடிதம். எங்கள் பள்ளிப் பெற்றோரை மனதில் வைத்து எழுதத் தொடங்கினாலும், பாளையங்கோட்டை, பூந்தமல்லி, மதுரை என்று எந்த ஊர் விடுதியில் பார்வையற்ற பிள்ளையைச் சேர்த்திருப்பவருக்கும் இது பொருந்தும்.

நானும் பார்வையற்றவன். சிறு வயதிலேயே விடுதிக்கு வந்து படித்தவன். இன்று அதுபோன்ற ஒரு பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். விடுமுறையில் வீட்டுக்குப் போகும் பிள்ளையின் மனது எனக்குத் தெரியும். ஜூன் மாதம் திரும்பி வரும் பிள்ளையை எதிர்கொள்ளும் ஆசிரியரின் மனதும் தெரியும்.

நான் சொல்ல வந்தது இதுதான். பத்து மாதம் விடுதியில் கற்றுக்கொண்டதைப் பிள்ளை ஒரே மாதத்தில் வீட்டில் தொலைத்துவிட்டு வருகிறது. ஏப்ரலில் தன் துணியைத் தானே துவைத்துக் கொடியில் காயப்போட்ட பையன், ஜூனில் தண்ணீர் பாட்டிலை நிரப்பித் தரச் சொல்லி நண்பனைக் கூப்பிடுகிறான். பாடம் மறந்தால் இரண்டு வாரத்தில் மீட்டுவிடலாம். "என்னால் முடியும்" என்ற எண்ணம் தேய்ந்துபோனால் அதை மீட்க ஒரு பருவம் ஆகிவிடுகிறது. சிலரிடம் அது மீளவே இல்லை.

ஒரு மாணவன் வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருந்தேன். பள்ளியில் அவன் சும்மா இருக்கிறவன் அல்ல. பார்வையற்றோர் கிரிக்கெட்டில், உள்ளே குண்டுகள் குலுங்கும் பந்தைத் தரையோடு உருட்டி வீசுவதில் கெட்டிக்காரன். சாப்பாட்டுக் கூடத்தில் வாளியைத் தூக்கிக்கொண்டு வரிசையாகச் சாம்பார் ஊற்றுவான். அன்று அவன் வீட்டில் காலையிலிருந்து சாயங்காலம் வரை அவன் குரல் ஒரே மூலையிலிருந்துதான் வந்தது. நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டார்கள். அவன் எழுந்தால் நாற்காலிக் கால் தரையில் இழுபடும் சத்தம் கேட்கும். உடனே ஆச்சியின் குரல்: "நீ ஏன்யா எந்திரிக்க? என்ன வேணும்னு கேளு, ஆச்சி எடுத்துத் தாரேன்." மூன்று நான்கு தடவை நாற்காலி இழுபட்டது. அப்புறம் அந்தச் சத்தமும் நின்றுவிட்டது.

அந்த ஆச்சியின் பாசத்தில் எனக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை. அந்த வீட்டில் அவர் அளவுக்கு அவனை நேசிப்பவர் இல்லை. ஆனால் அந்த நாற்காலிதான் அவனுக்கு எதிரி. கண் தெரியாததைவிடப் பெரிய எதிரி.

நீங்கள் ஏன் அப்படிச் செய்கிறீர்கள் என்பதும் தெரியும். விழுந்துவிடுமோ, சுட்டுக்கொள்ளுமோ என்ற பயம் ஒன்று. வருஷத்தில் கொஞ்ச நாள்தானே கூட இருக்கிறது, அப்போதாவது உட்கார வைத்துச் சோறு போடுவோம் என்ற ஏக்கம் இன்னொன்று. இரண்டையும்விடப் பெரியது அக்கம்பக்கத்தார் வாய். "கண்ணு தெரியாத புள்ளையப் போயி வேலை வாங்குறா பாரு" என்று ஒரு சொல் வந்துவிட்டால் தாய்க்கு அது தாங்காது. அம்மா, அந்தச் சொல்லைத் தாங்கிக்கொள்ளுங்கள் என்று உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். உங்கள் பிள்ளையின் இருபத்தைந்தாவது வயதில் அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் வந்து நிற்கப்போவதில்லை.

முதலில் அடுக்களைக்கு அழைத்துப் போங்கள். தம்ளரில் பச்சைத் தண்ணீர் ஊற்றும்போது விளிம்பில் ஒரு விரலை மடக்கி வைத்தால் நிரம்புவது தெரிந்துவிடும். சூடான டீக்கு விரல் வைக்க முடியாது. காது போதும். தம்ளர் நிரம்ப நிரம்ப ஊற்றும் ஓசை மெலிந்து உயர்ந்துகொண்டே வரும், அதை இரண்டு நாளில் பிடித்துக்கொள்வார்கள். தோசை வெந்ததை ஓரம் முறுகும் வாசனை சொல்லும், கரண்டியை அடியில் விட்டால் ஒட்டாமல் கழன்று வருவது சொல்லும். முதல் வாரம் பத்துத் தோசை கருகும். கருகட்டும். கையில் ஒரு சின்னச் சூடு பட்டால் ஊரைக் கூட்டாதீர்கள். கண் தெரிந்தவர்கள் யாரும் சூடு படாமல் சமைக்கக் கற்றதில்லை.

சாப்பாட்டில் நம் வழக்கமே நமக்குத் துணை. வாழை இலை போட்டால் நுனி இடப்பக்கம், உப்பும் ஊறுகாயும் மேலே இடது கோடி, பொரியலும் கூட்டும் வலப்பக்கம், சோறு கீழே என்று இடம் ஏற்கெனவே வகுத்து வைத்திருக்கிறது. பந்தியில் யாருடைய உதவியும் இல்லாமல் என்னால் மரியாதையாகச் சாப்பிட முடிவது அதனால்தான். வீட்டுத் தட்டிலும் அதே ஒழுங்கைக் கடைப்பிடியுங்கள். சாப்பாடு போட்டதும் எது எங்கே இருக்கிறது என்று ஒரு தடவை சொன்னால் போதும், பிசைந்து தர வேண்டாம்.

வீட்டில் பொருட்களை இடம் மாற்றினால் சொல்லிவிட்டு மாற்றுங்கள். கதவு ஒன்று முழுக்கத் திறந்திருக்கட்டும், இல்லை முழுக்க மூடியிருக்கட்டும். பாதி திறந்த கதவு எங்கள் நெற்றிக்கு எமன்.

அடுத்தது தெரு. விடுதியில் வெள்ளைக் கோல் பிடித்து நடக்கப் பழக்கியிருக்கிறோம். ஊருக்கு வந்ததும் அது பரணுக்குப் போய்விடுகிறது. "நம்ம ஊருல எதுக்குக் கம்பு, நாலு பேரு பார்ப்பாங்க" என்கிறீர்கள். உங்கள் பிள்ளை விடுதி வளாகத்தை அங்குலம் அங்குலமாக அறியும், பிறந்த ஊரை அறியாது. இந்த விடுமுறையில் அதை மாற்றுங்கள். வீட்டிலிருந்து மளிகைக் கடைக்குக் கூடவே நடந்து போய் வழியைக் காட்டுங்கள். கையைப் பிடித்து இழுக்கக் கூடாது, முன்னால் தள்ளவும் கூடாது. பிள்ளை உங்கள் முழங்கைக்கு மேலே பிடித்துக்கொண்டு அரை அடி பின்னால் வரட்டும். நீங்கள் படி ஏறினாலும் இறங்கினாலும் உங்கள் உடம்பே அதைச் சொல்லிவிடும். மாவு மில்லின் இரைச்சல், வேப்பமர நிழலில் சட்டென்று குளிரும் காற்று, சாக்கடை திரும்பும் இடத்து நாற்றம், காலில் தட்டுப்படும் வேகத்தடை, இவைதான் எங்களுக்கு வழிகாட்டிப் பலகைகள். பத்துத் தடவை கூடப் போங்கள். அதற்கப்புறம் பத்தடி பின்னால் வாருங்கள். ஒரு நாள் வாசலிலேயே நின்றுவிடுங்கள். அன்று உங்கள் நெஞ்சு படபடக்கும், அது எனக்குத் தெரியும்.

கடைக்கு அனுப்பும்போது பணத்தையும் பிள்ளையின் கையிலேயே கொடுங்கள். 2016 முதல் வந்த நோட்டுகளில் 50 ரூபாய் தொடங்கி 500 ரூபாய் வரை எல்லாம் ஒரே அகலம், நீளம் மட்டுமே மாறும். 200 ரூபாய்க்கும் 500 ரூபாய்க்கும் நீளத்தில் 4 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். விரலால் பிரித்தறிவது எங்களுக்கே சிரமம். அதனால் மதிப்புக்கு ஒரு விதமாக மடித்து வைக்கப் பழக்குங்கள். ரிசர்வ் வங்கி 2020இல் வெளியிட்ட 'மணி' என்ற செயலி, போன் கேமராவில் நோட்டைக் காட்டினால் மதிப்பைச் சொல்லும். பதினெட்டு வயதானவர்களுக்கு வங்கிக் கணக்கு அவர்கள் பெயரிலேயே தொடங்குங்கள். ஏடிஎம் அட்டை தர மாட்டோம், கூட ஒருவர் பெயரைச் சேர்த்தால்தான் கணக்கு என்று ஏதாவது கிளையில் சொன்னால் தலையாட்டிவிட்டு வராதீர்கள். பார்வையற்றவர் என்ற காரணத்தால் காசோலைப் புத்தகம், ஏடிஎம் உள்ளிட்ட எந்த வசதியையும் மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2008லேயே எல்லா வங்கிகளுக்கும் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. அதைச் சொல்லிக் கேளுங்கள்.

படிப்பு விஷயத்துக்கு வருகிறேன். இதில் உங்களால் என்ன செய்ய முடியும் என்று பலர் கேட்பதுண்டு. பிரெயில் கற்றுக்கொள்ளுங்கள். சிரிக்காதீர்கள், மெய்யாகத்தான் சொல்கிறேன். மொத்தமே ஆறு புள்ளிகள். அவற்றை மாற்றி மாற்றி வைத்தால் 63 வடிவங்கள் கிடைக்கும். இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக 1951இல் வகுத்த பாரதி பிரெயில் முறையில்தான் தமிழும் இருக்கிறது. உங்களுக்குக் கண் தெரியும், விரலால் தடவிப் படிக்க வேண்டியதுகூட இல்லை, பார்த்தே படித்துவிடலாம். பிள்ளையே உங்களுக்கு ஆசிரியராக இருக்கட்டும். அண்ணன், தங்கை இருந்தால் இன்னும் நல்லது, அவர்கள் ரகசிய எழுத்து மாதிரி ஒரு வாரத்தில் கற்றுக்கொள்வார்கள். பிறவியிலேயே பார்வை இல்லாத அந்தகக்கவி வீரராகவ முதலியார், முதுகில் எழுதிக் காட்டச் சொல்லி எழுத்துக்களைக் கற்றார் என்று சொல்வார்கள். பிரெயில் பிறப்பதற்கு வெகுகாலம் முந்திய சங்கதி அது. யாரோ ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து அவர் முதுகில் எழுதியிருக்கிறார் அல்லவா? அந்த ஒருவராக நீங்கள் இருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

போன்தான் எல்லாவற்றையும் வாசிக்கிறதே, பிரெயில் எதற்கு என்று பிள்ளைகளே கேட்கிறார்கள். போன் வேண்டும். ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக் என்ற திரைவாசிப்பானைத் தமிழில் பேச வைக்கலாம். கணினிக்கு என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பான் இருக்கிறது. மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே என்ற இரண்டு பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர்கள் உருவாக்கியது. 2016இல் தொடங்கிய சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகத்தில் தமிழ்ப் புத்தகங்களும் உண்டு. இதையெல்லாம் விடுமுறையில் பழகட்டும். ஆனால் காதால் மட்டும் படித்த பிள்ளைக்குத் தமிழ் எழுத வராது. போனின் குரலில் ரகரமும் றகரமும் ஒன்றுதான். நகரமும் னகரமும் ஒன்றுதான். 'கரி'யா 'கறி'யா என்பதை விரல்தான் கற்றுத்தரும். நாளைக்கு வேலைக்கு விண்ணப்பம் எழுதும்போது எழுத்துப்பிழையோடு எழுதினால் கண்ணைக் காரணம் காட்டி யாரும் மன்னிக்கப் போவதில்லை.

குறைபார்வைப் பிள்ளைகளின் பெற்றோருக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளைக்குத்தான் அதிகத் திட்டு விழுகிறது. பாதி தெரிவதால் நடிக்கிறான் என்கிறார்கள். வெள்ளைத் தட்டில் வெள்ளைச் சோறு போட்டால் அதற்குத் தெரியாது, அடர்ந்த நிறத் தட்டில் போடுங்கள். படி விளிம்பில் மஞ்சள் பெயின்ட் அடியுங்கள். மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா போன்ற மருத்துவமனைகளில் குறைபார்வைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. உருப்பெருக்கியும் தடித்த கறுப்புப் பேனாவும் பிள்ளையின் படிப்பையே மாற்றிவிடக்கூடும்.

வைத்தியம் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒரு நல்ல கண் மருத்துவமனையில் காட்டுங்கள். சந்தேகம் தீராவிட்டால் இன்னொன்றில் காட்டுங்கள். இரண்டு இடத்திலும் இனி பார்வை வராது என்று சொல்லிவிட்டால் அங்கே நின்றுவிடுங்கள். லேகியம், சொட்டு மருந்து என்று நிலத்தை விற்ற குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். பணம் போனதைவிடப் பெரிய கேடு, வளரும் பிள்ளை அத்தனை வருஷமும் தன்னை ஒரு நோயாளியாகவே நினைத்துக்கொண்டிருப்பது. ஆனால் காரணத்தைக் கட்டாயம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். விழித்திரைப் புற்றுநோய் என்றால் கூடப்பிறந்த குழந்தைகளையும் சோதிக்க வேண்டும். குழந்தையின் கண்மணி வெளிச்சத்தில் பூனைக்கண் மாதிரி வெள்ளையாக மின்னினால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. உறவில் குறைமாதக் குழந்தை பிறந்தால் 30 நாளுக்குள் விழித்திரையைச் சோதிக்கச் சொல்லுங்கள். உரிய நேரத்தில் பார்த்தால் காப்பாற்றிவிடக்கூடிய கண்கள் அவை.

எந்தக் காரணமாக இருந்தாலும் அதைத் தாய் தலையில் கட்டாதீர்கள். கிரகணத்தில் வெளியே வந்தாள், கர்ப்பத்தில் அதைச் சாப்பிட்டாள் என்று பேசிப் பேசியே எத்தனையோ அம்மாக்களை ஊமையாக்கியிருக்கிறார்கள். மாமியார்கள் இதைப் படிக்க மாட்டார்கள் என்றால் அப்பாக்கள் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். விடுதியில் பிள்ளையைப் பார்க்க அம்மாக்கள்தான் வருகிறார்கள். அப்பாவின் செருப்புச் சத்தத்தை மாடிப்படியிலேயே அடையாளம் கண்டு ஓடும் பிள்ளைகள் எங்களிடம் இருக்கிறார்கள். மாதம் ஒரு தடவையாவது வாருங்கள். முழுப் பார்வையிழப்பு உள்ளவர்க்கும் துணைக்கு வருபவர்க்கும் ரயிலில் படுக்கை வகுப்பில் 75 விழுக்காடு சலுகை உண்டு.

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களே, பாதுகாப்பு என்று சொல்லிப் படிப்பை நிறுத்துகிறீர்கள். வீட்டுக்குள் வைப்பது பாதுகாப்பு ஆகாது. உதவி என்ற பெயரில் யார் வேண்டுமானாலும் அவளைத் தொடலாம் என்று ஆகிவிடக் கூடாது. தோளைப் பிடித்து நடத்த வருபவரிடம், "வேண்டாம், நானே உங்கள் கையைப் பிடித்துக்கொள்கிறேன்" என்று உரத்த குரலில் சொல்ல அவளைப் பழக்குங்கள். குரல் சரியில்லை என்று தோன்றினால் விலகவும் கூச்சல் போடவும் அவளுக்கு உரிமை உண்டு என்று அம்மாவே சொல்லித் தாருங்கள். சொந்தக்காரர்களும் இதில் அடக்கம்.

இனி, பிளஸ் டூ முடித்தவர்களின் பெற்றோருக்கு. மகன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்போது "சார், இவனை எதுல சேர்க்கலாம்?" என்று என்னிடம் கேட்கிறீர்கள். அவனிடம் கேளுங்கள். ஆசிரியர் பயிற்சி மட்டுமே வழி என்று நாமே கதவுகளைச் சாத்திவிடுகிறோம். பத்தாம் வகுப்பிலேயே கணக்கைக் கைவிட வைத்துவிடுகிறோம். டெய்லர் பிரேம் என்ற கணக்குப் பலகையில் எண் அச்சுகளைத் திருப்பித் திருப்பி வைத்துக் கணக்குப் போடும் பிள்ளைகள் எங்களிடம் இருக்கிறார்கள். ஆந்திரத்தில் மசூலிப்பட்டினம் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை ஸ்ரீகாந்த் பொல்லா. பார்வையற்றவருக்கு அறிவியல் பிரிவு கிடையாது என்றபோது நீதிமன்றம் போய் இடம் வாங்கினார். பின்னால் அமெரிக்காவின் எம்ஐடியில் படித்தார். இன்று தொழில் நடத்துகிறார்.

சென்னையைச் சேர்ந்த பெனோ செஃபைன் 2015இல் வெளியுறவுப் பணிக்குப் போனார். முழுப் பார்வையிழப்புள்ள ஒருவர் அந்தப் பணிக்குப் போனது அதுதான் முதல் தடவை. மதுரையைச் சேர்ந்த பார்வையற்ற பெண் பூரண சுந்தரி குடிமைப் பணித் தேர்வில் 286ஆம் இடம் பெற்று வென்றார். இருவர் வெற்றியிலும் புத்தகங்களை வாய்விட்டு வாசித்துக் காட்டிய பெற்றோரின் குரல் இருக்கிறது. உங்கள் பிள்ளை கலெக்டர் ஆக வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தப் பாரத்தை அதன் தலையில் ஏற்றாதீர்கள். தினமும் அரை மணி நேரம் நாளிதழ் வாசித்துக் காட்டுங்கள் என்றுதான் சொல்கிறேன். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் வானொலிச் செய்தியைக் கூட உட்கார்ந்து கேட்டு அதைப் பற்றிப் பேசுங்கள். அதுவும் படிப்புதான்.

பெற்றோரின் சொல்லுக்கு என்ன பலம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். மத்தியப் பிரதேசத்தில் பார்வையற்றவர்கள் நீதிபதிப் பணிக்கு வரக் கூடாது என்று ஒரு விதி இருந்தது. பார்வையற்ற மகனைப் பெற்ற ஒரு தாய் இந்தியத் தலைமை நீதிபதிக்குக் கடிதம் எழுதினார். உச்ச நீதிமன்றம் அந்தக் கடிதத்தையே வழக்காக எடுத்துக்கொண்டது. 2025 மார்ச் 3ஆம் தேதி, பார்வையின்மையைக் காரணம் காட்டி நீதித்துறைப் பணியை மறுக்க முடியாது என்று தீர்ப்பளித்து அந்த விதியை நீக்கியது. ஒரு அம்மா உட்கார்ந்து எழுதிய கடிதம் நாடு முழுவதும் உள்ள பிள்ளைகளுக்கு வழி திறந்தது.

ஆகவே சட்டத்தையும் கொஞ்சம் தெரிந்து வைத்திருங்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளவர்களுக்கு அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காட்டுக்குக் குறையாமல் இடம் ஒதுக்க வேண்டும். அரசு வேலையில் 4 விழுக்காடு, அதில் 1 விழுக்காடு பார்வையற்றோருக்கும் குறைபார்வையுடையோருக்கும் உரியது. 18 வயது வரை பக்கத்துப் பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்கலாம், எது என்பதைத் தேர்ந்துகொள்ளும் உரிமை உங்களுடையது. விடுதியில் விட்டது பாவம் என்று மனதைப் போட்டு வருத்திக்கொள்ள வேண்டியதில்லை. ஊர்ப் பள்ளியிலேயே படிக்க வைத்தவர்களும் தவறு செய்துவிடவில்லை.

தேசிய அடையாள அட்டை இன்னும் வாங்காதவர்கள் இந்த விடுமுறையிலேயே மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போய் வாருங்கள். மருத்துவச் சான்று, ஆதார், புகைப்படம் கையில் இருக்கட்டும். அதிகாரி கேட்கும் கேள்விக்கு நீங்கள் முந்திக்கொண்டு பதில் சொல்லாதீர்கள், பிள்ளையே பேசட்டும். கல்லூரி விண்ணப்பம் போடுபவர்கள் தேர்வு முடிவு வரட்டும் என்று காத்திருக்காமல் கல்லூரிப் பட்டியலை இப்போதே பிள்ளையோடு உட்கார்ந்து தயாரித்துக்கொள்ளுங்கள். தேர்வில் சொல்வதை எழுதுபவர் வைத்துக்கொள்வது, கூடுதல் நேரம் கேட்பது பற்றிச் சந்தேகம் இருந்தால் பள்ளிக்கு போன் செய்யுங்கள், விடுமுறையிலும் அலுவலகத்தில் ஆள் இருப்பார்கள். அழைத்துப் போக வரும் அன்று பிள்ளையின் பெட்டியை நீங்கள் தூக்க வேண்டாம். எது எந்த மடிப்பில் இருக்கிறது என்று அதற்குத்தான் தெரியும், கட்டியதும் அதுதான்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளைகளின் வரலாற்று ஆசிரியர்